சுமையேற்றிப் பார்த்த மின்னழுத்தம்: திருச்சி, ஸ்ரீரங்கம் மின்பணி அனுபவங்கள்

திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் மின்பணியாளருக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி மின்னழுத்தம் தொடர்பானவை. விளக்கு மங்கலாக எரிகிறது, மோட்டார் தண்ணீர் தூக்கவில்லை, டிவி திடீரென்று புகைந்துவிட்டது, பாத்ரூம் குழாயைத் தொட்டால் சுரீர் என்கிறது என அழைப்பவரின் சொற்கள் மாறினாலும், போய்ப் பார்ப்பவர் பையிலிருந்து முதலில் எடுப்பது மின்னழுத்தத்தை அளக்கும் வோல்ட் மீட்டரையே. அதன் இரு கம்பிகளை எங்கே வைக்க வேண்டும் என்பதை ஐ.டி.ஐ.யில் ஒரே வகுப்பில் கற்றுவிடலாம். அது காட்டும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைக் கற்கத் தொழிலில் பல ஆண்டுகள் பிடிக்கும். 1970களின் பிற்பகுதியில் இவ்வூர்த் தெருக்களில் தொழில் பழகத் தொடங்கியவர்கள் முள் மீட்டரின் காலத்தையும் எண் மீட்டரின் காலத்தையும் ஒருசேரக் கண்டவர்கள். இக்கட்டுரையாசிரியரும் அவர்களுள் ஒருவர்.

மின்னழுத்தம் ஒரு புள்ளியில் தனியே இருப்பதன்று. அது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு. மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையார் சன்னதி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்பவரிடம், தெப்பக்குளத்துத் தெருவிலிருந்தா, தாயுமானவர் சன்னதியிலிருந்தா என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்ல முடியாதது போல, ஒரு கம்பியில் எத்தனை வோல்ட் என்ற கேள்விக்கும் எதை வைத்து அளப்பது என்ற எதிர்க்கேள்வி உண்டு. வீட்டுக்குள் வரும் இரு கம்பிகளில் மின்னழுத்தம் ஏறிய கம்பி பேஸ் எனவும், டிரான்ஸ்பார்மரில் நிலத்தோடு இணைக்கப்பட்டு மின்னோட்டத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் கம்பி நியூட்ரல் எனவும் வழங்கும். இவ்விரண்டுக்கும் இடையே முன்பு 240 வோல்ட், இப்போது 230 வோல்ட் என்பது அறிவிக்கப்பட்ட அளவு. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் இதில் 6 விழுக்காடு ஏற்ற இறக்கத்தை அனுமதித்தன. 240க்கு அது ஏறத்தாழ 226 முதல் 254 வரை. அந்தக் காலத்தில் லைனின் கடைசிப் போஸ்டிலிருந்து சர்வீஸ் எடுத்த வீடுகளில் மாலை ஏழு மணிக்கு 226ஐக் கண்டவர் அதிகமில்லை.

அன்றைய வயர்மேன்களில் பலரிடம் மீட்டரே கிடையாது. சட்டைப்பையில் டெஸ்டர், கைப்பையில் ஹோல்டரில் மாட்டிய 100 வாட் பல்பு, அதிலிருந்து தொங்கும் இரண்டு கம்பிகள். அவ்வளவுதான் சோதனைக் கருவிகள். டெஸ்டர் என்பது திருப்புளியின் கைப்பிடிக்குள் ஒரு நியான் விளக்கையும் பெரிய மின்தடை ஒன்றையும் அடக்கியது. பிடித்திருப்பவரின் உடல் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் நிலத்துக்குச் செல்லும்போது அது ஒளிரும். 90 வோல்ட்டுக்கும் ஒளிரும், 240க்கும் ஒளிரும். கம்பியில் உயிர் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, எவ்வளவு என்று சொல்லாது, அந்தக் கம்பியால் ஒரு விசிறியை ஓட்ட முடியுமா என்றும் சொல்லாது. டெஸ்ட் லாம்ப் எனப்பட்ட பல்போ தானே ஒரு சுமையாக நின்று மின்னோட்டத்தை இழுத்துப் பார்ப்பது. அதன் ஒளி வெண்மையா, மஞ்சளா, சிவந்து சோர்ந்திருக்கிறதா என்று பார்த்தே 240, 200, 160 என்று ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடும் கண்கள் அக்காலத்தில் இருந்தன. இரு பேஸ்களுக்கு இடையிலுள்ள 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தைப் பார்க்க இரண்டு பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொள்வர். முறையான மீட்டர்களைக் கையாண்டு பழகியவர்கள் பொன்மலை ரயில்வே பணிமனையிலோ, 1960களில் திருவெறும்பூரில் வந்த பெல் ஆலையிலோ பயிற்சி பெற்றவர்கள். தெரு வயர்மேன்களுக்கும் அவர்களுக்கும் இடையே ஒரு மெல்லிய ஏளனம் இருபுறமும் நிலவியது என்பதையும் சொல்ல வேண்டும். இரு தரப்பாரிடமும் அதற்கு நியாயம் இருந்தது.

மீட்டரை அன்றாடக் கருவியாக முதலில் கொண்டவர்கள் ரேடியோ மெக்கானிக்குகள். திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கப்பட்டது முதலே இவ்வூரில் வால்வு ரேடியோக்கள் பெருகின. அவற்றைப் பழுதுபார்க்க உள்ளே பத்துப் பதினைந்து இடங்களில் மின்னழுத்தத்தை அளக்க வேண்டியிருந்தது. அத்தொழிலின் உச்சக் கருவி இங்கிலாந்தின் அவோ மீட்டர். அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்ட் மெக்காடி, பல மீட்டர்களைத் தூக்கிச் சுமக்கும் தொல்லை தீர ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும்படி வகுத்த அக்கருவி 1923இல் விற்பனைக்கு வந்தது. பிற்காலத்தில் நாசிக்கின் மோட்வானே மீட்டர் இங்கே கைக்கெட்டிய கருவியாயிற்று.

ரேடியோ பழுதுபார்ப்போரிடமிருந்து தெரு வயர்மேன்கள் தாமதமாகக் கற்ற பாடம், அளக்கும் செயலே அளக்கப்படுவதை மாற்றிவிடும் என்பதாகும். வோல்ட் மீட்டர் இரு புள்ளிகளுக்குக் குறுக்கே இணைக்கப்படும் கருவி. அதன் வழியாகவும் சிறிதளவு மின்னோட்டம் ஓடினால்தான் முள் நகரும். 12 வோல்ட் மூலத்தின் குறுக்கே ஒரு லட்சம் ஓம் மின்தடைகள் இரண்டை வரிசையாகக் கோத்தால் நடுவில் 6 வோல்ட் இருக்க வேண்டும் என்பது கணக்கு. வோல்ட்டுக்கு 1,000 ஓம் என்ற மலிவான முள் மீட்டரை 10 வோல்ட் ரேஞ்சில் வைத்து ஒரு மின்தடையின் குறுக்கே அளந்தால், மீட்டரின் 10,000 ஓம் அதனோடு இணையாகச் சேர்ந்துகொள்வதால் முள் 1 வோல்ட்டில் நின்றுவிடும். வோல்ட்டுக்கு 20,000 ஓம் கொண்ட அவோ மாடல் 8 அதே இடத்தில் 4.8 காட்டும்; 1 கோடி ஓம் உள்தடை கொண்ட இன்றைய எண் மீட்டர் 5.97 காட்டும். மூன்று கருவிகளும் பழுதற்றவை. தம்மை இணைத்த பிறகு அவ்விடத்தில் உண்மையிலேயே நிலவும் அழுத்தத்தைத்தான் மூன்றும் காட்டுகின்றன. இதனால்தான் பழைய ரேடியோக்களின் சர்வீஸ் தாள்களில் ஒவ்வொரு முனையின் வோல்ட்டேஜையும் அச்சிட்டு, எந்த உணர்திறன் கொண்ட மீட்டரால் அளந்தது என்றும் கீழே குறிப்பார்கள். அந்த அடிக்குறிப்பைப் படிக்காமல் நல்ல வால்வைக் கழற்றி எறிந்த கடைகள் உண்டு.

ஸ்ரீரங்கத்தில் மின்னழுத்தப் பாடத்தை வேறு எங்கும் கிட்டாத தெளிவோடு கற்பித்தது மார்கழித் திருவிழா. பகல்பத்தும் இராப்பத்தும் நெருங்குகையில் உத்திர வீதி, சித்திரை வீதிகளில் பந்தலும் சீரியல் செட்டும் கட்டும் வேலை முழுவீச்சில் நடக்கும். சீரியல் செட் என்பது 6 வோல்ட் சிறு பல்புகள் நாற்பதை ஒரே சங்கிலியாகக் கோத்து 240 வோல்ட்டில் மாட்டுவது. ஒவ்வொரு பல்பும் தன் பங்காக 6 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். ஒரு பல்பின் இழை அறுந்தால் நாற்பதும் அணைந்துவிடும். அணைந்த சங்கிலியில் மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் இல்லாத நல்ல பல்பின் குறுக்கே அழுத்த வேறுபாடும் இல்லை. ஆகவே முப்பத்தொன்பது பல்புகளின் குறுக்கே மீட்டர் சுழியம் காட்டும், அறுந்த ஒன்றின் குறுக்கே 240 முழுவதும் நிற்கும். 6 வோல்ட் பல்புதானே என்று ஹோல்டரை வெறுங்கையால் பிரித்த உதவியாளர்கள் வாங்கிய அடி அந்த 240 தந்தது.

அனுபவப்பட்டவர்கள் நாற்பதையும் வரிசையாக அளந்துகொண்டிருக்க மாட்டார்கள். மீட்டரின் ஒரு முனையை நியூட்ரலில் நிறுத்தி, மறு முனையைச் சங்கிலியின் நடுவிலுள்ள இணைப்பில் வைப்பார்கள். அங்கே 240 காட்டினால் பேஸ் அதுவரை வந்துசேர்ந்துவிட்டது, அறுந்த இடம் அதற்கப்பால் நியூட்ரல் பக்கத்தில் இருக்கிறது. ஒன்றும் காட்டாவிட்டால் அறுந்த இடம் பேஸ் பக்கத்தில். அடுத்த அளவு எஞ்சிய பாதியின் நடுவில். ஐந்தாறு தொடுதலில் குற்றவாளி பல்பு அகப்பட்டுவிடும். மாற்றுப் பல்பு கையில் இல்லாதபோது அவ்விடத்தை வெறும் கம்பியால் முறுக்கிவிடும் வழக்கமும் இருந்தது. ஒன்றிரண்டு வரை தவறில்லை, எட்டுப் பல்புகளை அப்படித் தாண்டிவிட்டால் மிச்சமுள்ள முப்பத்திரண்டும் ஆளுக்கு 7.5 வோல்ட் சுமக்க நேர்ந்து, வழக்கத்தைவிட அழகாக ஒளிர்ந்து, விழா முடிவதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக உயிர்விடும். இன்றைய எல்இடி சரங்களை யாரும் பழுதுபார்ப்பதில்லை. எரியாவிட்டால் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பழகுநருக்கு ஒரு நல்ல பள்ளிக்கூடம் அதோடு மூடிக்கொண்டது.

உயரமும் தூரமும் மின்னழுத்தத்தைத் தின்னும் என்பதும் திருவிழா வேலையில் கண்ணால் காணத்தக்கதாக இருந்தது. 1987இல் குடமுழுக்குக் கண்ட ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. அத்தகைய உயரத்துக்கு, தரையில் இழுத்துவரும் தூரத்தையும் சேர்த்து நூறு மீட்டர் கம்பி செல்வதாகக் கொண்டால், போக வர இருநூறு மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 ஓம் தடை. 10 ஆம்பியர் ஓடினால் 24 வோல்ட் வழியிலேயே கரைந்து, அடியில் 230 இருந்தாலும் உச்சியில் 206தான் மிஞ்சும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 9 வோல்ட்டாகக் குறையும். ஆனால் மேலே விளக்குகளை மாட்டுவதற்கு முன்பு அளந்தால் இரு கம்பிகளிலும் உச்சியில் 230தான் காட்டும்; மின்னோட்டம் இல்லாத கம்பி எதையும் இழப்பதில்லை. ஆகவே சுமை ஏற்றாமல் எடுத்த அளவை ஸ்ரீரங்கத்து மூத்த பணியாளர்கள் அளவாகவே ஒப்புக்கொள்வதில்லை. மின்னழுத்தம் குறித்து இத்தொழில் கற்றுத்தருவனவற்றுள் இதற்கு நிகரானது வேறில்லை என்றே சொல்லலாம்; கார் பேட்டரி முதல் சூரியத் தகடு வரை இதுவே வெவ்வேறு உருவில் திரும்ப வருகிறது. பழுதான 12 வோல்ட் பேட்டரியும் சும்மா இருக்கையில் 12.4 காட்டி நிற்கும். செல்ப் அடித்த கணத்தில்தான் 8க்கோ 7க்கோ சரிந்து தன் நிலையைச் சொல்லும்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவிலும் அந்தநல்லூர், மண்ணச்சநல்லூர் பக்கங்களிலும் வாழைக்கும் நெல்லுக்கும் நீரிறைக்கும் பம்ப்செட்டுகள் முற்றிலும் வேறான உலகம். இங்கே மும்முனை மின்சாரம், அதாவது ஆர், ஒய், பி என்ற மூன்று பேஸ்கள். எந்த இரண்டுக்கும் இடையே 400 வோல்ட்டை ஒட்டிய அழுத்தம் இருக்க வேண்டும். மோட்டார் தொடங்கும் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், 400க்குப் பதில் 320 வந்தால் அத்திறன் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகிவிடும். மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், காயில் சூடேறும். 1990இல் விவசாய மின்சாரம் முழுவதும் இலவசமான பிறகு, மும்முனை வரும் நேரம் தொடங்கியவுடன் ஒரு டிரான்ஸ்பார்மரில் உள்ள மோட்டார்கள் அனைத்தும் ஒரே கணத்தில் தொடங்க முயல்வது வாடிக்கையாயிற்று. ஸ்டார்டர் அந்தக் குறைந்த அழுத்தத்தில் தாங்காமல் விழுந்துவிடும். விழாமல் இருக்க அதில் குச்சி சொருகியவர்கள் ரீவைண்டிங் கடைகளுக்கு வாழ்வளித்தார்கள்.

ஸ்டார்டர் பெட்டியின் முகப்பில் உள்ள வோல்ட் மீட்டரையும் அதனடியில் இருக்கும் திருகு சுவிட்சையும் கொண்டு மூன்று ஜோடிகளையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். அந்த எண்களின் கோலத்திலிருந்தே பழுது எங்கே என்று கூறுவது கிராமப்புற மின்பணியின் நுட்பமான பகுதி. ஒரு பேஸ் முற்றாகச் செத்து மற்ற இரண்டும் நன்றாக இருந்தால் பழுது டிரான்ஸ்பார்மரின் கீழ்ப்பக்கத்தில், பெரும்பாலும் ப்யூஸ். ஒரு பேஸ் நியூட்ரலை வைத்து 230ம் மற்ற இரண்டும் ஆளுக்கு ஏறத்தாழ 115ம் காட்டி, விளக்குகள் மங்கலாக எரிந்தால், மேலே 11,000 வோல்ட் பக்கத்தில் ஒரு கம்பி அறுந்திருக்கிறது; ஏனெனில் டிரான்ஸ்பார்மரின் உயரழுத்தச் சுருள்களில் ஒன்று முழு அழுத்தத்தையும், மற்ற இரண்டும் வரிசையாகச் சேர்ந்து அதையே பாதி பாதியாகவும் பெறுகின்றன. அந்நேரத்தில் மங்கலான இரு பேஸ்களுக்கு இடையே அளந்தால் சுழியம் காட்டும் என்பது முதன்முறை பார்ப்பவரைத் திகைக்க வைக்கும். இரண்டும் ஒரே திசையில் ஒரே அளவு ஏறியிருப்பதால் இடையில் வேறுபாடு இல்லை. லைன்மேன் தொலைபேசியில் முதலில் கேட்பது இதைத்தான்: “அண்ணே, ஒரு பேஸ் சுத்தமா இல்லையா, ரெண்டு பேஸ் டல்லா எரியுதா?” விடையைக் கேட்ட பிறகே எந்தக் கம்பத்துக்கு ஏணியோடு போவது என்று அவர் முடிவுசெய்வார்.

வோல்ட் மீட்டர் முற்றிலும் ஏமாற்றும் இடம் ஒன்றும் பம்ப்செட்டில் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரில் ஒரு பேஸ் ப்யூஸ் போனாலும் மோட்டார் நின்றுவிடாது. மற்ற இரண்டைக் கொண்டு சுழன்றுகொண்டே, இல்லாத பேஸின் முனையில் தானே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கும். ஸ்டார்டரில் அளந்தால் மூன்று ஜோடிகளும் சற்றே குறைவாக, ஆனால் இருப்பதாகவே தோன்றும். உள்ளே இரு காயில்கள் எரிந்துகொண்டிருக்கும். இதைக் காட்டிக்கொடுப்பது கம்பியைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டர். மூன்றில் ஒன்று சுழியம் என்று அது உடனே சொல்லிவிடும். மின்னழுத்தம் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது என்று திரும்பி வந்த வயர்மேனைவிட, மோட்டாரின் சத்தம் மாறிவிட்டது என்று சொன்ன விவசாயியின் காது பலமுறை சரியாக இருந்திருக்கிறது.

நகரத்து வீடுகளுக்கு 1980களில் டிவியோடு சேர்ந்து வந்தது கைத்திருகு ஸ்டெபிலைசர். முகப்பில் ஒரு சிறிய வோல்ட் மீட்டர், ஒரு குமிழ், ஐந்தாறு படிகள். மாலையில் 180ஆக வருவதை 230ஆக்க வீட்டார் குமிழை மேல்படிக்குத் திருகுவர். கடைகள் மூடும் இரவு ஒன்பதரைக்குத் தெருவின் சுமை குறைந்து வரவு 230ஆக ஏறும்போது, மறந்துபோன குமிழ் அதை 294 ஆக்கி டிவிக்கு ஊட்டும். தானியங்கி வகை வந்த பிறகு இத்தொல்லை ஓய்ந்தது. ஆனால் ஒவ்வொரு வீட்டு ஸ்டெபிலைசரும் குறைந்த அழுத்தத்திலிருந்து அதிக மின்னோட்டத்தை இழுத்தே உயர்த்துகிறது என்பதால், ஸ்டெபிலைசர் பெருகப் பெருகத் தெருவின் கடைசி வீட்டுக்கு மின்னழுத்தம் மேலும் சரிந்தது.

மின்னழுத்தப் பழுதுகளில் மிகுந்த பொருட்சேதம் விளைவிப்பது குறைந்த அழுத்தமன்று, நியூட்ரல் அறுவது. மூன்று பேஸ்களும் ஒரே நியூட்ரலைப் பகிர்கின்றன. போஸ்டில் துருப்பிடித்த ஓர் இணைப்பு விட்டுப்போனால், வெவ்வேறு பேஸ்களில் உள்ள சுமைகள் திரும்பும் வழியின்றி ஒன்றோடொன்று வரிசையாகக் கோக்கப்பட்டுவிடும். மும்முனை வந்த ஒரு வீட்டில் ஒரு பேஸில் 2,000 வாட் வாட்டர் ஹீட்டரும் மற்றொன்றில் டிவியும் விளக்கும் சேர்ந்து 200 வாட்டும் மட்டும் ஓடுவதாகக் கொண்டால், 400 வோல்ட் அவற்றின் தடைகளுக்கு ஏற்பப் பிரிந்து ஹீட்டருக்கு 36ம் டிவிக்கு 364ம் செல்லும். ஹீட்டரைப் போட்டால் பக்கத்து அறை விளக்கு பளிச்சென்று பிரகாசமாகிறது என்று வீட்டுக்காரம்மா சொன்னால், அதற்கு மேல் கேள்வி கேட்காமல் மெயினை அணைக்கச் சொல்வதே முறை.

இங்கே மீட்டரை எந்த இரு புள்ளிகளில் வைக்கிறோம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பேஸுக்கும் பேஸுக்கும் இடையே அளந்தால் எங்கும் 400, பழுதே இல்லை. பேஸுக்கும் எர்த்துக்கும் அளந்தால் மூன்றிலும் 230. அப்போதும் பழுது தெரியாது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் அளக்கும்போதுதான் 364ம் 36ம் வெளிப்படும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வழக்கமாக ஓரிரு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில், மேற்கண்ட கணக்கின்படி ஏறத்தாழ 200 வோல்ட் நிற்கும். பாதுகாப்பானது என்று எல்லோரும் நினைத்திருக்கும் கம்பியில் டெஸ்டர் ஒளிரும். நல்ல நாளிலேயே சுமையைப் போட்டு நியூட்ரல்–எர்த் அளவைக் குறித்துவைத்துக்கொள்ளும் பழக்கம் திருச்சிப் பணியாளர்கள் சிலரிடம் மட்டுமே உண்டு. அந்த எண் 3லிருந்து 9க்கும் 15க்கும் ஏறிக்கொண்டே போனால், எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்துவருகிறது என்று பொருள். அறுவதற்கு முன்பே பிடித்துவிடலாம்.

எண் மீட்டர்கள் மலிந்த பிறகு, மஞ்சள் நிற 830 வகை மீட்டர் பழகுநர் பையிலும் ஏறியது. மாறுமின்னழுத்தத்துக்கு அதில் 200, 750 என்று இரண்டே ரேஞ்சுகள். கருவி இல்லாத குறை தீர்ந்தது. புதிய குழப்பம் ஒன்று பிறந்தது. ஒரே குழாய்க்குள் உயிருள்ள கம்பிக்குப் பக்கத்தில் நீளமாக ஓடும், இரு முனையும் எதோடும் இணையாத கம்பியில், உள்தடை மிகுந்த நல்ல எண் மீட்டர் 70, 90 வோல்ட் எனக் காட்டும். பக்கத்துக் கம்பியிலிருந்து இடைவெளி கடந்து ஏறும் அந்த அழுத்தத்தின் பின்னால் பேசத்தக்க மின்னோட்டம் எதுவும் இல்லை. பழைய முள் மீட்டர் தன் சுமையாலேயே அதைச் சுழியமாக்கிவிடும். இதைத் தேடிச் சுவரை உடைத்தவர்கள் உண்டு. மூத்தவர்கள் அக்கம்பியில் பழைய டெஸ்ட் லாம்பை மாட்டுவர்; பல்பு எரியாது, மீட்டரின் 90 கணத்தில் காணாமற்போகும். ஆகவே எண் மீட்டரும் குண்டு பல்பும் சேர்ந்தே ஒரு முழுக் கருவி. இதற்கு எல்இடி பல்பு உதவாது; அந்தப் பேய் அழுத்தத்துக்கே அதுவும் மினுமினுக்கும். குண்டு பல்பு கடைகளில் அருகிவருவதால், விவரமறிந்தவர்கள் இரண்டு மூன்றை வாங்கிப் பழந்துணியில் சுற்றிவைத்திருக்கிறார்கள்.

2008 முதல் ஐந்தாறு ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டில் இன்வெர்ட்டர் வீட்டுப் பொருளாயிற்று. அதோடு மீட்டரைப் பற்றிய மற்றொரு உண்மையும் வீதிக்கு வந்தது. ஈ.பி. மின்சாரம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் அலை. மலிவான இன்வெர்ட்டர் தருவது படிக்கட்டாக ஏறி இறங்கும் அலை. சாதாரண மீட்டர் அலையின் சராசரியை அளந்து, அது மெல்ல ஏறி இறங்கும் அலை என்ற நம்பிக்கையில் 1.11ஆல் பெருக்கிக் காட்டும்படி வடிவமைக்கப்பட்டது. 325 வோல்ட் உச்சமும் பாதி நேரம் இடைவெளியும் கொண்ட படிக்கட்டு அலை விளக்குக்கும் ஹீட்டருக்கும் உண்மையில் 230 வோல்ட்டின் வேலையைச் செய்யும்; மலிவான மீட்டரோ 180 என்று காட்டும். அதே 230 வோல்ட்டின் வேலையைச் செய்யும் முழுச் சதுர அலையானால் அந்த மீட்டர் 255 காட்டும். இன்வெர்ட்டர் சரியில்லை என்று கடைக்குத் திரும்பத் தூக்கிச் சென்றவர்களோடு அந்நாள்களில் நடந்த சச்சரவுகளில், மீட்டரின் மேல் யாருக்கும் ஐயம் எழவில்லை. ட்ரூ ஆர்.எம்.எஸ். என்று எழுதப்பட்ட மீட்டர் எதற்காக மும்மடங்கு விலை என்பது அதன் பிறகே விளங்கியது.

2024இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்துக்குப் பிறகு திருச்சியின் மொட்டைமாடிகளில் தகடுகள் வேகமாகப் பரவிவருகின்றன. பல ஆண்டுக் கால அனுபவத்தை இது தலைகீழாக்கியிருக்கிறது. பத்துத் தகடுகளை வரிசையாகக் கோத்தால் 490 வோல்ட்டை ஒட்டிய நேர்மின்னழுத்தம் வரும். அது விடியற்காலையின் மங்கிய ஒளியிலேயே பெருமளவு வந்துவிடும், ஆனால் மின்னோட்டமோ வெயிலோடுதான் ஏறும். எனவே காலை ஆறரைக்கு மீட்டர் காட்டும் எண்ணை வைத்துத் தகடு நன்றாக இருக்கிறது என்று சான்றளிக்க முடியாது. நேர்மின்னோட்டத்தில் இணைப்பைப் பிரித்தால் எழும் தீப்பொறி எளிதில் அணையாது என்பதால், வீட்டு வயரிங்குக்கு வைத்திருந்த மீட்டர் கம்பிகளை அங்கே கொண்டுபோகலாகாது.

நண்பகலில் எழும் புகார்தான் முற்றிலும் புதியது. 5 கிலோவாட் மின்சாரத்தை வீட்டிலிருந்து தெருவுக்கு அனுப்பும்போது 20 ஆம்பியர் சர்வீஸ் வயரில் எதிர்த்திசையில் ஓடுகிறது. வயரின் போக வரத் தடை 0.8 ஓம் என்றால் வீட்டின் மின்னழுத்தம் போஸ்டைவிட 16 வோல்ட் உயர்ந்தாக வேண்டும். போஸ்டில் 240 இருந்தால் வீட்டில் 256. மேல் எல்லையைத் தாண்டியதும் இன்வெர்ட்டர் தானே நின்றுகொள்ளும், நல்ல வெயிலில் உற்பத்தி சுழியமாகும். பற்றாக்குறைக் காலத்தில் மின்னழுத்தத்தை உயர்த்துவதற்கென டிரான்ஸ்பார்மரின் டேப்பைத் திருப்பிவைத்த தெருக்களில் இது இன்னும் கூடுதல். இத்தகைய வீட்டில் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு மீட்டர் போர்டில் ஓர் அளவு, முழு வெயிலில் ஓடவிட்டு அதே இடத்தில் மற்றோர் அளவு எடுக்க வேண்டும். அணைத்த நிலையிலேயே 250ஐ நெருங்கினால் காரணம் டேப்பில் இருக்கிறது, ஈ.பி. அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டும். அணைத்தபோது 235ஆக இருந்து ஓடும்போது 255 ஆனால் சர்வீஸ் வயரைக் கனமான கேபிளாக மாற்றி, போஸ்டிலுள்ள இணைப்பையும் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும்.